மாமன் கட்டிய முடிச்சு

எனக்கு நீச்சல் தெரியாது, ஐயா. கோச்சடையில் வைகைக் கரையில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் எங்கள் ஆறு எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரியும். வருஷத்தில் பாதி நாள் மணல், மீதி நாள் கெண்டைக்கால் அளவு தண்ணீர், என்றைக்காவது ஒருநாள் கூரையோடு வீட்டைத் தூக்கிக்கொண்டு போகும் வெள்ளம். அதில் எங்கே நீந்திப் பழகுவது? அதனால் தண்ணீர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். பயந்தவன்தான் எதையும் முன்கூட்டி யோசிப்பான். கடலுக்கு மேலே ஆகாய விமானம் ஓட்டப் போகிறவனுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த மதுரை ஜில்லாவில் கிடைத்திருக்க மாட்டான். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் நல்லகாமன். சிம்மக்கல்லில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். ஜெர்மன் சண்டையின்போது பஸ்ராவுக்குப் போய், முதலில் ராணுவ லாரிகளுக்கும் பிறகு விமானங்களுக்கும் என்ஜின் வேலை பார்த்தேன். இறந்துபோன ஜெயக்கொடி என் அக்கா ரெங்கம்மாளின் மகன். அவனுடைய அப்பன் மலேயாவுக்குப் பால்வெட்டப் போனவன் போனவன்தான். அக்கா பேதி கண்டு செத்தபோது ஜெயக்கொடிக்குச் சரியாகப் பேச்சுக்கூட வரவில்லை. என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மகள் அழகம்மாள் அப்போது தொட்டிலில் கிடந்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் புரண்டு வளர்ந்தார்கள்.

அவனுக்குக் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் சீராக வேட்டியும் பட்டு உருமாலும் கொண்டுபோயிருந்தேன். உருமாலை என் கையால் அவன் தலையில் கட்டினேன். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு, ஐயா. மாமன் கட்டியதை மருமகன் தானாக அவிழ்க்கக் கூடாது. மாமன்தான் அவிழ்க்க வேண்டும். அறுத்தால் உறவையே அறுத்த மாதிரி. அன்றைக்கு விருந்து முடிந்ததும் ஒரு லாரி பழுதென்று ஆள் வர, நான் திண்டுக்கல் பக்கம் போய்விட்டேன். மறுநாள் மதியம் திரும்பி வந்து பார்த்தால், அந்தச் சின்னப்பயல் தலை முழுக்க வேர்த்து நாறிப்போய், உருமாலோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். என் பெண்சாதி எவ்வளவோ கெஞ்சியும் கழற்ற விடவில்லையாம். மாமா வரட்டும், மாமா வரட்டும் என்றே இருந்தானாம். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு உங்களுக்குத் தெரியும்.

வளர்ந்ததும் பட்டறையில் என் கூடவே இருந்தான். என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே நோய் சொல்லும் பையன். எங்கள் பட்டறைக்குக் காரை விடும் ஒரு ஜமீன்தார் சென்னையில் பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். வாங்கிய பிறகு ஏறி உட்காரப் பயந்தார். கடைசியில் ஜெயக்கொடியைத் தம் செலவில் சென்னைக்கு அனுப்பி ஓட்டப் பழக்கினார். விளாங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டலைச் சமப்படுத்திக் கொட்டகை போட்டோம். அவன் முதல்முறையாக அதில் வந்து இறங்கிய அன்று, வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். என் மருமகன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அழகம்மாளை அவனுக்குத்தான் கொடுப்பது என்று பிறந்த அன்றே முடிவான பேச்சு. அதனால் மருமகன் என்ற சொல் எனக்கு இரட்டை இனிப்பாக இருந்தது.

போன தை மாதம், யாழ்ப்பாணம்வரை ஓட்டிப்போய் வர வேண்டும் என்று ஜமீன்தார் சொன்னார். நல்லபடியாக நடந்தால் ஆள் ஏற்றிப் போகும் தொழிலாகவே செய்யலாம் என்பது அவர் எண்ணம். சிம்மக்கல்லில் புகையிலை மண்டி வைத்திருக்கும் முத்திருளன், யாழ்ப்பாணத்தில் கொள்முதல் உள்ளவர், நானும் வருகிறேன் என்று சேர்ந்துகொண்டார். ஜெயக்கொடி குதித்தான். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

தரைக்கு மேலே என்ஜின் நின்றால் ஏதாவது ஒரு பொட்டலில் சறுக்கி இறக்கிவிடலாம். தண்ணீரில் அது நடக்காது. விமானத்தின் சக்கரம் தண்ணீரைத் தொட்ட நிமிஷம் காலை இடறிவிட்ட மாதிரி குப்புறக் கவிழும். வாலைத் தாழ்த்தி, அலையின் போக்கோடு, மெதுவாக இறக்க வேண்டும். தொடுவதற்கு முன்னால் பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும். கவிழ்ந்ததும் திகைக்காமல், இருக்கையோடு கட்டியிருக்கும் வார்ப்பட்டையை விடுவித்து வெளியே வர வேண்டும். இதையெல்லாம் நான் அவனைக் கொட்டகையில் உட்கார வைத்து, கண்ணைக் கட்டிவிட்டுப் பழக்கினேன். அலுத்துக்கொள்வான்.

"ஆறுலயும் சாவு, நூறுலயும் சாவு மாமா. எதுக்கு இம்புட்டுப் பாடு?"

"நூறுல செத்துக்க. யாரு வேண்டாங்குறா? இப்பச் சொல்றதச் செய்யி."

தண்ணீர்ப் பாதை எது என்று யோசித்தேன். தொண்டியிலிருந்து நேராகப் போனால் தூரம் குறைவு, ஆனால் நெடுகத் தண்ணீர். தனுஷ்கோடிப் பக்கம் சுற்றிப் போனால் தூரம் அதிகம், ஆனால் கீழே வரிசையாக மணல் திட்டு, கப்பல் போக்குவரத்து, மீன்பிடிக்கிறவர்கள். சுற்றிப் போ என்றேன். ஆயிரம் அடி உயரத்தில் என்ஜின் நின்றால் ஒன்றரை மைல் சறுக்கி வரலாம். அதை வைத்து எவ்வளவு உயரத்தில் போனால் எந்தக் கரை எட்டும் என்று கணக்குப் போட்டேன். தொண்டி வழியில் எவ்வளவு உயரம் போனாலும் இரண்டு கரையும் எட்டாத தண்ணீர் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கொட்டகைத் தரையில் போட்டுக் காட்டினேன். நான் அந்த இடத்தைத் தேடியது, அவனை அதற்கு மேலே போக விடாமல் இருப்பதற்காகத்தான். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மிதவைச் சட்டை ஒன்றுதான் இருந்தது. சென்னையிலிருந்து அவன் கொண்டுவந்த சீமைத் தக்கைச் சட்டை. இரண்டு பேருக்கு ஒன்று போதாது. நான் செய்து தருகிறேன் என்றேன். இலவம்பஞ்சு தண்ணீர் குடிக்காது, ஐயா. தலையணைக்குப் போடுகிறோமே, அதே பஞ்சுதான். எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தாலும் மேலேயே நிற்கும். போடிப் பக்கத்திலிருந்து மூட்டை வரவழைத்தேன். அழகம்மாள் உட்கார்ந்து கொட்டை பொறுக்கி, சுத்தம் செய்து, கெட்டிக் காடாத் துணியில் அறை அறையாகத் தைத்து, தன் கையால் பஞ்சை அடைத்தாள். மூக்கிலும் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டி, கிழவி மாதிரி இருந்தாள். ஜெயக்கொடி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் என் போக்கில் அர்த்தம் செய்துகொண்டேன்.

விளாங்குடிக் கண்மாயில் அப்போது தண்ணீர் நின்றது. ஊர் முழுக்கக் கரையில் நிற்க, சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் இறங்கினான். அவனுக்கு அது தேவையே இல்லை. கண்மாய் மீன் மாதிரி நீந்துவான். யார் கற்றுக்கொடுத்தார்களோ, என் வீட்டில் வளர்ந்தவனுக்கு எப்படியோ நீச்சல் வந்திருந்தது. அதனால் சட்டையைச் சோதிப்பதற்காக இடுப்பில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி விட்டேன். அப்படியும் மிதந்தது. கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனிக் கடல் அவனை ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன்.

பிறகு மாசிப் படையல் வந்தது. எங்கள் குலசாமி கோயிலில் வகையறா முழுக்கக் கூடியிருந்தோம். கிடா வெட்டி, பந்தி முடிந்து, எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். சித்திரையில் அழகம்மாளுக்கும் ஜெயக்கொடிக்கும் கல்யாணம் என்று சபையில் எழுந்து சொன்னேன். அவன் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, எனக்கு அழகம்மா வேண்டாம். எறங்க எடம் பாக்கக் கப்பல்ல போனப்ப யாழ்ப்பாணத்துல ஒரு பொண்ணு பாத்துட்டேன். கோவிச்சுக்கிறாதீங்க."

இவ்வளவுதான் சொன்னான். அழகம்மாள் பெண்கள் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முறைப் பெண்ணை முறைமாப்பிள்ளை சபையில் வைத்து வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு என்ன பெயர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொண்ணிடம் என்ன குறையோ என்றுதான் ஊர் கேட்கும். என் பங்காளி பேயாண்டி, எப்போதும் வாய்த்துடுக்கு உள்ளவன், வெற்றிலையைத் துப்பிவிட்டு மெல்லச் சொன்னான். "இலவு காத்த கிளியாப் போச்சே நம்ம நல்லகாமன் பொழப்பு." நாலு பேர் சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை, ஐயா. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவன் இஷ்டம், வலுக்கட்டாயமாகக் கட்டி வைத்தால் பிள்ளைகள் நல்லா இருக்குமா என்று சபையிலேயே சொன்னேன். நல்லகாமனுக்கு மனசு பெரிசு என்றார்கள். ஜெயக்கொடி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீங்கள் வெறுத்துவிடுவீர்களோ என்று பயந்தேன் மாமா என்றான். தலையைத் தடவிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏற்பாட்டை நிறுத்த வேண்டாம், நானே முன்போல எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கு அப்படிச் சொன்னபோது உண்மையாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டில் அழகம்மாள் ஒன்றும் பேசவில்லை. வேளைக்குச் சமைத்தாள், பரிமாறினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. என் பிள்ளை உள்ளே வெந்துகொண்டிருக்கிறாள், எனக்காக வெளியே காட்டாமல் இருக்கிறாள் என்று எண்ணினேன். வாய் திறந்து கேட்டிருக்கலாம். அப்பனும் வயசுப் பிள்ளையும் அதையெல்லாம் பேசுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

மிதவைச் சட்டைக்கு மேலே மெழுகு பூச வேண்டும் என்று சொல்லி அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தையலைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்துவிட்டுப் பருத்திப் பஞ்சை அடைத்தேன். சும்மா நாட்டுப் பஞ்சு உதவாது. அதில் எண்ணெய்ப் பசை இருக்கும், சட்டென்று நனையாது. சவுக்காரம் போட்டு வேகவைத்து, அலசிக் காயவைத்த பஞ்சு என்றால் தொட்டதும் குடிக்கும். இதைப் பட்டறைத் தொட்டியில் சோதித்துத்தான் தெரிந்துகொண்டேன். எதையும் சோதிக்காமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. முன்னால் இருந்த பொத்தான்களை வெட்டிவிட்டு, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி சணல் கயிறு வைத்தேன். சணல் நனைந்தால் இறுகும்.

பாதையையும் மாற்றினேன். தனுஷ்கோடிப் பக்கம் மணல் சூட்டில் பங்குனிக் காற்று குழம்பும், விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், தொண்டி வழியே மேல் என்றேன். தரையில் சுண்ணாம்பால் போட்டுக் காட்டிய அந்த இடம் அவனுக்கு நினைவிருந்தது. அது வழியில வருதே மாமா என்று கேட்டான். நல்ல உயரத்தில் போனால் சீக்கிரம் தாண்டிவிடலாம் என்றேன். சரி மாமா என்றான். என் வார்த்தைக்கு அவன் மறுவார்த்தை சொன்னது ஒரே ஒரு முறைதான், அது மாசிப் படையலில்.

முத்திருளன் அண்ணன் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் அல்ல. மூன்று பிள்ளைகள் உள்ள மனிதர். அவருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். தொண்டி ஆட்களிடம் சொல்லி, அன்றைக்கு இரண்டு வள்ளங்கள் கடலில் நிற்க ஏற்பாடு செய்தேன். தக்கைச் சட்டை போட்டவர் மிதந்துகொண்டே காத்திருந்தால் வந்து தூக்கிவிடுகிற தூரம். பஞ்சுச் சட்டை போட்டவனுக்கு அந்தத் தூரம் போதாது. வள்ளங்களை எங்கே நிறுத்துவது என்று வெகுநேரம் யோசித்தேன். எவ்வளவு முன்யோசனை என்று ஜமீன்தார் என்னைப் பாராட்டினார்.

எந்தச் சட்டையை யார் போடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புறப்படுகிற அன்று காலை பொட்டலில் வகையறாவே கூடியிருந்தது. ஜெயக்கொடி வழக்கம்போலத் தக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, அதற்கு மேலே பஞ்சுச் சட்டையை மடித்து வைத்து, தாய்மாமன் சீர் என்று நீட்டினேன். பெண்கள் குலவை போட்டார்கள். அவன் ஒரு கணம் என்னையே பார்த்தான். உடனே தக்கைச் சட்டையைக் கழற்றி, நீங்க போட்டுக்கங்க அண்ணே என்று முத்திருளனிடம் கொடுத்துவிட்டு, என் முன்னால் முதுகைக் காட்டி நின்றான். காது குத்திய அன்று மடியில் உட்கார்ந்த மாதிரியே குனிந்து நின்றான். முடிச்சைப் போட்டேன். மூன்று முடிச்சு.

"கனக்குதே மாமா."

"மெழுகு பூசியிருக்குல்ல. தண்ணிக்குள்ள தெரியாது."

அதோடு ஒரு மடக்குக்கத்தியை அவன் அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டேன். கயிறோ துணியோ சிக்கிக்கொண்டால் அறுத்துக்கொண்டு வெளியே வருவதற்கு. கடலுக்குப் போகிறவன் கத்தி இல்லாமல் போகக் கூடாது என்பது நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இந்தக் கத்தியைத்தான் நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா. கத்தி கையில் இருந்தது. தண்ணீரில் விழுந்து, சட்டை கனத்து இழுக்கும்போது, எடுத்து ஒரு அறுப்பு அறுத்தால் போதும். சட்டை கழன்று விழும். அவன் மீன் மாதிரி நீந்துகிறவன். வள்ளம் வரும்வரை நீந்திக்கொண்டே இருக்கலாம். நான் கதவை முழுக்கச் சாத்தவில்லை. முறையை அறுத்தவன் முடிச்சை அறுக்க மாட்டானா? மாமன் பேச்சை, மாமன் மகளை, நாலு பேர் நடுவில் தூக்கி எறிந்தவனுக்கு ஒரு சணல் கயிறு எம்மாத்திரம்? அறுப்பான், தப்புவான் என்று ஒரு மனசு சொன்னது. அறுத்துவிட்டு வந்து நின்றால் ஊருக்குக் காட்டலாம், பாருங்கள், இவனுக்கு மாமன் உறவு இவ்வளவுதான் என்று. இப்படித்தான் நான் யோசித்தேன்.

"போயிட்டு வாரேன் மாமா," என்று சொல்லி ஏறினான். அழகம்மாள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினான். அவள் கையைக் கூப்பினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

என்ஜின் நின்றது தெய்வச் செயல் என்று ஊர் சொல்கிறது. தெய்வத்தின் மேல் பழி போட நான் விரும்பவில்லை. நான் செய்ததுதான். என்ன செய்தேன் என்பதை மட்டும் கேட்டு எழுதாதீர்கள். யாராவது படித்துக் கற்றுக்கொள்வார்கள். எத்தனை நிமிஷம் ஓடும், எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்கிட்டுச் செய்தேன். சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்ட இடத்துக்கு மேலேதான் நின்றது. பஸ்ராவில் கற்ற தொழில் வீண் போகவில்லை.

தந்தி வந்ததும் நானும் அழகம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் தொண்டிக்குப் போனோம். முத்திருளனை வள்ளக்காரர்கள் உயிரோடு தூக்கியிருந்தார்கள். ஜெயக்கொடியின் உடம்பு மறுநாள் கரையில் ஒதுங்கியது. மணலில் முகம் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தான். சட்டை அப்படியே இருந்தது. சணல் தோளைக் கடித்துத் தோல் நீலம் பாரித்திருந்தது. குளிப்பாட்ட வேண்டும், சட்டையைக் கழற்ற வேண்டும். ஒருவன் அரிவாளைக் கொண்டுவந்தான். கூட வந்தவர்கள் தடுத்து, மாமன் கட்டியது, மாமன்தான் அவிழ்க்கணும் என்று சொல்லி எனக்கு வழி விட்டார்கள். உட்கார்ந்தேன். முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் உப்பு. அவன் தலை என் மடியில் இருந்தது. கதறிக்கொண்டே அவிழ்த்தேன், ஐயா. அதில் நடிப்பு எதுவும் இல்லை. என் அக்கா மகன் அவன்.

கத்தி அரைஞாணில் மடித்தபடியே இருந்தது. திறக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் முத்திருளன் நடந்ததைச் சொன்னார். விமானம் கவிழ்ந்ததும் ஜெயக்கொடிதான் அவரை வார்ப்பட்டையிலிருந்து விடுவித்து மேலே தள்ளிவிட்டானாம். இருவரும் இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். பயப்படாதீங்க அண்ணே, மாமா வள்ளம் நிறுத்தியிருக்காரு என்று தைரியம் சொன்னானாம். இறக்கை முழுகிய பிறகு இவர் தக்கை மாதிரி மேலே நிற்க, அவன் மட்டும் கழுத்துவரை, பிறகு முகவாய்வரை இறங்கிக்கொண்டே போனானாம். கத்தி இருக்கே, அறுத்துப்போடு தம்பி என்று இவர் கத்தியிருக்கிறார். அவன் தலையை ஆட்டிவிட்டு, வாயில் வந்த தண்ணீரைத் துப்பிச் சொன்னானாம்.

"மாமா கட்டுனதுண்ணே. முதல்ல கொஞ்சம் அமுங்கும், அப்புறம் தூக்கிவிட்டுரும்னு சொல்லித்தான் கட்டுனாரு."

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். ஆமாம், நான் சொன்னதுதான். முடிச்சுப் போடும்போது அவன் காதோரம் சொன்னேன். இவ்வளவு நேரம் அதைச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்று அல்ல, ஞாபகம் வரவில்லை. பயந்துபோனவன் சீக்கிரம் முழுகுவான். அவன் பயப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

தொண்டியிலேயே அடக்கம் முடித்துக் கோச்சடைக்கு வந்த பிறகு அழகம்மாள் அந்தச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டாள். அத்தான் கடைசியாகப் போட்டது, தலையணையாகத் தைத்து வைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்திருந்தால் எரித்திருப்பேன். இரண்டு நாள் வெயிலில் கிடந்தும் நடுவில் ஈரம் காயவில்லை. தையலைப் பிரித்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றுக்குப் பக்கத்தில் அந்த ஈரப் பஞ்சு உருண்டையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது நான் அடைச்ச பஞ்சு இல்லப்பா."

அவள் அழவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே சொன்னாள். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனைப் புருஷனாக நினைக்க அவளால் முடியவில்லையாம். என்னிடம் சொல்லப் பயமாம். நீயே வேண்டாம் என்று சொல்லிவிடு அத்தான், பழி உன் மேல் இருந்தால் அப்பா தாங்கிக்கொள்வார், என் மேல் இருந்தால் செத்துப்போவார் என்று அவன் காலில் விழுந்தாளாம். மாமா மனசு உடைஞ்சு போகுமே புள்ள என்று அவன் நாலு நாள் தயங்கினானாம். யாழ்ப்பாணத்தில் பெண் எவளும் இல்லையாம். அன்று சபையில் அவள் தலையைக் குனிந்து நின்றது, எங்கே அவன் மனசு மாறி உண்மையைச் சொல்லிவிடுவானோ என்ற பயத்தினாலாம்.

"எனக்காகப் பொய் சொன்னவனப்பா அவன்," என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் இந்த நிமிஷம்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கொல்லைப்புறம் போயிருந்தபோது நான் என் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை.

அவள் சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை, ஐயா. செத்தவன் மேல் இரக்கப்பட்டுப் பிள்ளை அப்படிச் சொல்கிறாள். அவளுக்கு அவன் மேல் ஆசை இருந்தது. பஞ்சு ஒட்டிய முகத்தோடு அவள் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். எது எப்படியானாலும் செய்தது அவளுக்காகத்தான். பேயாண்டி சொன்னதுக்கோ நாலு பேர் சிரித்ததுக்கோ அல்ல. அவர்கள் சிரித்ததை நான் மறந்தேவிட்டேன்.

ஜெயக்கொடியை நான் கொன்றேன். பஞ்சை மாற்றினேன், பாதையை மாற்றினேன், என்ஜினை நிறுத்தினேன், முடிச்சுப் போட்டேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது. அந்தக் கத்தியை மொட்டையாகக் கொடுக்கவில்லை. முந்தின நாள் சாணைக்கல்லில் நானே தீட்டி, கட்டைவிரலில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.